போஸ்ட் பாக்ஸில் கொய்யாப்பழம்

அந்த அக்கா யாரிடமும் எதையும் சும்மா வாங்கிக்கொண்டது கிடையாது. இதைப் பாராட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். புகாராகத்தான் சொல்கிறேன். பக்கத்தில் இருந்து அனுபவித்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்துவிட்டால் போதும். மறுநாள் கிண்ணம் நாட்டுக்கோழி முட்டையோடு திரும்பி வரும். முட்டை வந்த கிண்ணத்தை மனசாட்சி உள்ளவர்கள் எப்படி வெறுமனே கவிழ்த்து வைப்பது? நான் நாலு பணியாரம் வைத்து அனுப்புவேன். பணியாரம் போன கிண்ணம் முருங்கைக்காய்க் கட்டோடு வந்து வாசலில் நிற்கும். ஒருநாள் என் வீட்டுக்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். இனிமேல் அந்தப் பக்கம் எந்தப் பாத்திரத்தையும் விடாதே, முருங்கைக்காயைத் தின்று தின்று எனக்கு நாக்குச் செத்துவிட்டது என்றார். அவர் சொன்னது வாஸ்தவம். எங்கள் வீட்டில் அந்த வருஷம் முருங்கைக்காய் போடாத வெஞ்சனமே இல்லை.

அப்போது கன்னிவாடி ரோட்டில் உள்ள எங்கள் ஊரில் நான் கடை வைத்திருந்தேன். ஜெராக்ஸ், எஸ்.டி.டி., லேமினேஷன், பிரௌசிங் எல்லாம் ஒரே அறைக்குள். ஒட்டினாற்போல் தபால் ஆபீஸ். பிரௌசிங் என்றால் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று ஓடும், இன்னொன்று மரியாதைக்கு உட்கார்ந்திருக்கும். பரீட்சை ரிசல்ட் வருகிற அன்றைக்கு மட்டும் ரோடு வரைக்கும் கூட்டம் நிற்கும். மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டல்தான்.

அக்கா முதன்முதலாகக் கடைக்கு வந்தது ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க. ஒரு ரூபாய்க் காசை மேஜைமேல் வைத்தாள். பிறகு மடியிலிருந்து ஐந்தாறு எலுமிச்சம்பழங்களை எடுத்துக் காசுக்குப் பக்கத்தில் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். காசு மிஷினுக்கு, பழம் உனக்கு என்றாள். வேண்டாம் அக்கா என்று நகர்த்தினேன்.

"சும்மா எப்படித் தாயி?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அவள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது அந்த வார்த்தைதான். கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் பதில் சொல்ல விடமாட்டாள். நல்ல உயரம், சேலையை இழுத்துச் செருகிய இடுப்பு, இரண்டு கையிலும் பை. அந்தப் பைகள் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஊருக்குள் வரும்போது ஒரு சுமை, தோட்டத்துக்குத் திரும்பும்போது ஒரு சுமை. கரண்ட் கம்பியைச் சரிபண்ண வந்த லைன்மேன் இன்னும் கம்பத்தின் மேலேயே இருப்பார், அவருக்கான வாழைப்பூ கீழே தயாராகக் காத்துக்கொண்டிருக்கும். திட்டு வாங்கினாலும் அதே கதைதான். வாங்கியதற்கு மேலே இரண்டைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் நகருவாள்.

அவளுடைய வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். திண்டுக்கல்லுக்கும் கன்னிவாடிக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அந்தத் தடத்தில் அவர் குரலைத் தெரியாத ஆள் கிடையாது. படிக்கட்டில் நின்று ஊர்ப் பெயர்களை வரிசையாகக் கூவினால், போக வேண்டிய வேலை இல்லாதவனுக்கும் ஏறி உட்காரத் தோன்றும். சில்லறை இல்லை என்கிற கிழவிகளோடு அவர் போடுகிற சண்டையைக் கேட்பதற்காகவே நான் முன்சீட்டில் இடம் பிடிப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில் தொண்டையில் கட்டி வந்து, மதுரையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். வாய் அசையும், சத்தம் வராது. விசில்கூட அடிக்க முடியாது, விசிலுக்கு வாயில் காற்று வேண்டுமே. அந்தத் துளை வெளியே தெரியாமல் இருக்க அக்கா மல் துணியில் சின்னத் திரைகள் தைத்து, தினம் ஒன்றாகக் கழுத்தில் கட்டிவிடுவாள்.

மலேசியாவில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் வந்தபோது குரல் மிஷின் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். கைக்கு அடக்கமான டார்ச் லைட் மாதிரி இருக்கும். அதைக் கழுத்தில் வைத்து, பட்டனை அமுக்கியபடியே வாயை அசைத்தால், வண்டு ரீங்கரிக்கிற சத்தம் பேச்சாக வெளியே வரும். ஏற்ற இறக்கம் கிடையாது. கோபமும் கொஞ்சலும் ஒரே சுருதிதான். இருந்தாலும் பேச்சு பேச்சுதானே. அதற்குப் பதிலாக அக்கா அந்த மனிதரிடம் ஒரு மூட்டைச் சின்ன வெங்காயத்தைக் கட்டிக்கொடுத்து அனுப்பினாள். விமான நிலையத்தில் அந்த மூட்டையோடு நின்று தான் பட்ட பாட்டை அவர் வருஷக்கணக்கில் போன் பண்ணும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிஷின் சில வருஷம் உழைத்தது. ஒருநாள் கிணற்று மேட்டில் வைத்திருந்தது உருண்டு உள்ளே போய்விட்டது. எடுத்து வெயிலில் காயவைத்துப் பார்த்தார்கள், திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய் ரேடியோக்காரரிடம் காட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மாமா மறுபடி சைகைக்கு வந்தார். கைதட்டிக் கூப்பிடுவார், விரலால் காட்டுவார். கொஞ்ச நாளில் கடைத்தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். வந்தால் நாலு பேர் பேச்சுக் கொடுப்பார்கள். பதில் பேச முடியாமல் நிற்பது அந்த மனிதருக்கு அவமானமாக இருந்தது. எனக்கே பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அவர்களுடைய ஒரே மகளுக்குச் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. தை மாதம் பரிசம் என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் பரிசத்தன்று பெண்ணின் அப்பா சபை நடுவே எழுந்து நின்று, தாம்பூலத் தட்டை நீட்டி, "பொண்ணு உங்களுது, பாக்கு எங்களுது" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். கடைசியில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் விழ வேண்டும். மூன்றாம் தரம் சொல்லியாகிவிட்டால் அவ்வளவுதான், பெண் அவர்கள் வீட்டுப் பெண். மாமாவால் பேச முடியாது, தம்பிக்காரர் சொல்லிவிடட்டும் என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். மாமா தலையை ஆட்டினார், கையை ஆட்டினார். யாரும் அதைச் சட்டைபண்ணவில்லை. எழுந்து தென்னைகளுக்குள் நடந்து போய்விட்டாராம்.

மறுநாள் காலையில் நான் கடையைத் திறப்பதற்கு முன்பே அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். பை நிறையக் கத்தரிக்காய். அதை என் மேஜைமேல் கொட்டினாள். எதையும் வாங்குவதற்கு முன்னால் அவள் கொடுத்தது அன்றைக்குத்தான். சரி, பெரிதாக ஏதோ கேட்கப்போகிறாள் என்று புரிந்துகொண்டேன்.

"அந்த மிசினு ஒன் கம்பூட்டர்ல கெடைக்குமா தாயி?" என்றாள். "எம்மகள அவரு வாயால குடுக்கணும். தம்பி வாயால குடுத்தா அது குடுத்த மாதிரியே இல்ல."

தேடினேன். புதியதன் விலையைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தையே மூடிவிட்டேன். இங்கிலாந்தில் ஒரு கடை, ஆஸ்பத்திரிச் சாமான்களைப் பழையதாக வாங்கிச் சரிபண்ணி விற்கிறவர்கள், அவர்களிடம் ஒன்று இருந்தது. இரண்டு ஆட்டை விற்றால் கட்டுப்படியாகும். என் வீட்டுக்காரருக்குப் பேங்கில் வேலை. வெளிநாட்டில் செல்லுபடியாகிற கார்டு ஒன்றைப் பீரோவில் நகையோடு நகையாகப் பூட்டி வைத்திருந்தார். அதை வெளியே எடுக்க வைக்க நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல் விலாசம். அக்கா வீடு தோட்டத்துக்குள் தள்ளி இருந்தது. தெருவும் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. அந்தப் பக்கத்துக் கடிதங்களெல்லாம் டீக்கடையோடு நின்றுவிடும், போகிறவர் வருகிறவர் எடுத்துப்போய்ச் சேர்ப்பார்கள். கடல் தாண்டி வருகிற பொருளை டீக்கடைப் பெஞ்சை நம்பி விடலாமா? என் கடை விலாசத்தைக் கொடுக்கிறேன் என்றேன். அதற்கு வேறு நான் உனக்கு என்ன செய்வது என்று அக்கா யோசிக்க ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரரின் கும்பிட்ட கை கண்முன்னே வந்தது. உடனே வேண்டாம், தபால் ஆபீஸிலேயே போஸ்ட் பாக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் தபால் ஆபீஸ் வராந்தாச் சுவரில் சின்னச் சின்ன மரப்பெட்டிகள் வரிசையாக இருக்கும். முன்பக்கம் ஆளுக்கொரு பூட்டு. பின்பக்கம் ஆபீஸுக்குள் திறந்தே கிடக்கும், அங்கிருந்து தபாலைப் போடுவார்கள். பெரிய பொட்டலம் வந்தால் பெட்டியில் சீட்டுப் போடுவார்கள், அதைக் காட்டி உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மில்லும் சொசைட்டியும்தான் அந்தப் பெட்டிகளை வைத்திருந்தன. சும்மா கிடந்த ஒன்றை மாமா பெயரில் வாங்கினோம். அக்கா அதன் சாவியைத் தாலிக்கொடியில் ஊக்குகளோடு சேர்த்துக் கோத்துக்கொண்டாள்.

ஆர்டர் போட்ட மறுநாளே வந்து பெட்டியைத் திறந்து பார்த்தாள். இங்கிலாந்து எங்கே இருக்கிறது என்று நான் உலகப் படத்தில் காட்டியும் பிரயோஜனம் இல்லை. தினமும் வந்தாள். தினமும் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத பெட்டியை அப்படியே பூட்டிவிட்டுப் போக அந்தக் கைக்குத் தெரியாதே. இரண்டு கொய்யாப்பழத்தை உள்ளே வைத்துப் பூட்டினாள்.

போஸ்ட்மாஸ்டர் திருச்சிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். விதிப்புத்தகம் இல்லாமல் தும்மக்கூட மாட்டார். காலையில் தபாலைப் பிரித்துப் போடும்போது பெட்டிக்குள் கொய்யாப்பழம் இருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று முதல் நாள் விட்டுவிட்டார். இரண்டாம் நாள் மூன்று பழம். அதற்கப்புறம் எறும்பு வந்தது. எறும்பு வரிசை சொசைட்டிப் பெட்டியைத் தாண்டி மில்காரர்களின் பேங்க் செக் கவர் வரைக்கும் போனதும் மனுஷன் என் கடைக்கே வந்துவிட்டார். அம்மா, தபால் பெட்டியில் தபால் துறைதான் பொருள் வைக்க வேண்டும், வாடகைக்கு எடுத்தவர்கள் எடுக்கத்தான் வேண்டும், வைக்கக் கூடாது என்றார். அப்படி விதியில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, இப்படி ஒருத்தி வருவாள் என்று எழுதியவர்களுக்குத் தெரியாது என்றார்.

அக்காவிடம் சொன்னதற்கு, தினமும் திறந்து மூடுகிறேன், அவர்கள் பாதுகாத்துத் தருகிறார்கள், சும்மா எப்படி என்று ஆரம்பித்தாள். கடைசியில் எறும்பு வராத பழமாக வைப்பது என்று சமரசம் ஆனது. அந்த மழைக்காலம் முழுக்கத் தபால் ஆபீஸில் எலுமிச்சை ஊறுகாய்தான்.

ஐப்பசியில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பார்சல் வந்தது. என் கடையில் வைத்துப் பிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு மாமா அன்றைக்குத்தான் கடைத்தெருவுக்கு வந்தார், சட்டை போட்டுத் தலை சீவி. மிஷின் பளபளவென்று இருந்தது. கழுத்தில் வைத்து அமுக்கினார். ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிப்போனது. உள்ளே இருந்த சீட்டைப் படித்தேன். பழைய பேட்டரி பலவீனமாக இருக்கும், புதிய பேட்டரியும் சார்ஜரும் தனியாகப் பின்னால் வருகின்றன என்று இருந்தது. எப்படியும் தைக்கு முன்னால் வந்துவிடும் என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னேன்.

அக்கா மிஷினைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டி அட்டையில் செய்த, உள்ளே பஞ்சு வைத்த, மூடி போட்ட பெட்டி. "எம்புட்டு நல்ல பொட்டி," என்று தடவிப் பார்த்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கூட்டம் வந்துவிட்டது, நான் ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டேன்.

கார்த்திகையில் ஒரு மெயில் வந்தது. நீங்கள் திருப்பி அனுப்பிய பொருள் எங்களுக்கு வந்து சேர்ந்தது, உங்கள் பணம் திருப்பிச் செலுத்தப்பட்டது, இந்த ஆர்டரில் மேற்கொண்டு அனுப்ப வேண்டியவை ரத்துச் செய்யப்பட்டன, உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி. நான் நாலு தடவை படித்தேன். யார் திருப்பி அனுப்பியது? மிஷின் தோட்டத்து வீட்டில் சாமி படத்துக்குக் கீழே பத்திரமாக இருக்கிறதே? நாலாவது தடவை படிக்கும்போது அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. செருப்பைக்கூடப் போடாமல் தபால் ஆபீஸுக்கு ஓடினேன்.

போஸ்ட்மாஸ்டர் நிதானமாகச் சொன்னார். ஆமாம்மா, தீபாவளி முடிந்த கையோடு அந்தம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் அனுப்புநர் விலாசத்தைப் பார்த்து எழுதினாள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது, உள்ளே பலகாரம் என்று எழுதிக் கொடுத்தார்கள், எடை போட்டு அனுப்பினேன். அந்தக் கடைக்காரர்கள் ஒட்டிய சீட்டு பெட்டியில் அப்படியே இருந்ததே, கிழித்திருக்கலாமே என்று கேட்டேன். நானும் கேட்டேன், அந்தம்மா கிழிக்க விடவில்லை, அவர்கள் ஒட்டியதை நாம் கிழிப்பது மரியாதையா என்றார்கள் என்றார்.

அங்கே என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் சீட்டு, அவர்கள் நம்பர், அவர்கள் பெட்டி. வாசலில் இருக்கிறவன் நம்பரைப் பார்த்து, சரி, சாமான் திரும்பி வந்துவிட்டது என்று பதிந்துவிட்டு ஏதோ ஒரு அலமாரியில் தூக்கிப் போட்டிருப்பான். உள்ளே முறுக்கு இருக்கும் என்று அந்த நாட்டில் யாருக்குத் தோன்றும்?

சாயங்காலம் அக்கா எலுமிச்சம்பழத்தோடு வந்தபோது நான் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். உன் முறுக்கால் மாமாவுக்குப் பேட்டரி வராது, பரிசத்தன்று தம்பிதான் எழுந்து நிற்கப்போகிறார், போ, சந்தோஷமாக இரு என்றேன். திட்டைத் திருப்பிக் கொடுக்காமல் அவள் கேட்டுக்கொண்டு நின்றது அந்த ஒரு தடவைதான். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அந்த மிசினு நமக்குப் பிடிக்கலைன்னு நெனச்சுட்டாகளா?" என்று கேட்டாள். "அம்புட்டுத் தூரத்துல இருந்து ஒரு சாமான் வந்துருக்கு. பொட்டிய வெறுசா வச்சுக்கிட்டு நான் எப்படி உறங்குவேன், சொல்லு?"

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. என்ன பெண்ணடா இவள் என்று ஆயாசமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் கிடையாது என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். மிஷின் எங்களிடம்தான் இருக்கிறது, நீங்கள் கொடுத்த பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், பேட்டரி மட்டும் அனுப்புங்கள், ஒரு தகப்பன் தன் மகளின் நிச்சயத்தில் பேச வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. உங்கள் கடிதத்துக்கு நன்றி, இது தானாக வரும் பதில், இதற்குப் பதில் எழுத வேண்டாம். மறுபடி எழுதினேன். மறுபடி நன்றி. மார்கழி பிறந்துவிட்டது. பக்கத்துக் கோயிலில் விடியற்காலையில் ரேடியோ செட் அலறும்போது விழித்துக்கொண்டு, இன்றைக்காவது ஒரு மனுஷப் பிறவி பதில் போடாதா என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். மாமாவின் தம்பி வேறு, புது வேட்டி எடுத்துவிட்டதாகவும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறதாகவும் செய்தி வந்தது.

காப்பாற்றியது வெங்காய வடகம். அக்கா முறுக்கு, அதிரசத்தோடு நிறுத்தவில்லை. கோடையில் போட்டு வைத்த சின்ன வெங்காய வடகத்தில் இரண்டு உருண்டை வைத்திருந்தாள். வீட்டில் அடுக்குப்பானைக்குள் வைத்தாலே வாசல்வரை மணக்கும். அட்டைப் பெட்டிக்குள் இருந்தால் கேட்க வேண்டுமா? அந்தக் கடையில் திரும்பி வருகிற சாமான்களைப் பார்க்கிற அறையில் ஒரு பெண்மணி வேலை செய்திருக்கிறாள். என்ன இது, எலி ஏதும் செத்துவிட்டதா என்று ஒவ்வொரு அலமாரியாக முகர்ந்துகொண்டே போய், கடைசியில் எங்கள் பெட்டியைத் திறந்துவிட்டாள். அவள்தான் பதில் எழுதினாள். நடந்தது இப்போது புரிகிறது, உடனே பேட்டரியும் சார்ஜரும் அனுப்புகிறோம், பணத்தையும் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தாள். வட்டமாக இருக்கும் இனிப்பு பிரமாதம் என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தாள். காகிதத்தில் மடித்து வைத்திருக்கும் சிவப்புப் பொடியை எதில் தூவிச் சாப்பிட வேண்டும்?

அது குங்குமம். மங்கலமாக இருக்கட்டும் என்று மஞ்சளும் குங்குமமும் மடித்து வைத்திருக்கிறாள் மகராசி. தயவுசெய்து சாப்பிடாதீர்கள், நெற்றியில் வையுங்கள் என்று நான் பதறியடித்துப் பதில் போட்டேன்.

போகிக்கு முந்தின நாள் போஸ்ட்மாஸ்டர் கடை வாசலில் வந்து நின்று, உங்கள் பொருள் வந்திருக்கிறது என்று சொன்னார். வெயிலில் இரண்டடி எடுத்து வைக்காத மனுஷன். ஆள் அனுப்பி அக்காவையும் மாமாவையும் வரவழைத்தோம். அக்கா நேரே கவுண்டருக்குப் போனாளா? போகவில்லை. போஸ்ட் பாக்ஸைத் திறந்து, சீட்டை எடுத்து, எலுமிச்சம்பழத்தை வைத்து, பூட்டி, பிறகுதான் உள்ளே வந்தாள். நாங்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

பேட்டரி இருந்தது, சார்ஜர் இருந்தது. கூடவே தகர டப்பா ஒன்றில் பிஸ்கட்டும் இருந்தது, அந்த அறையில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து வாங்கியதாம். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா? அவுகளும் நம்மள மாதிரித்தேன்," என்றாள். நான் பிஸ்கட்டை எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டு, தகர டப்பாவை முதல் வேலையாக என் மேஜைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பின்னே? அவள் கண்ணில் பட்டால் அது ஊறுகாயோடு இங்கிலாந்துக்குக் கிளம்பிவிடும்.

சார்ஜ் ஏறி முடிந்ததும் மாமா மிஷினைக் கழுத்தில் வைத்தார். பேச்சு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. போஸ்ட்மாஸ்டர், நான், டீக்கடைக்காரர் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும், அந்த ஊரில் தேங்காய் கிடைக்குமா, பருப்புப்பொடி அனுப்பினால் கெடாதா என்று பேசிக்கொண்டே போனாள். மாமா பட்டனை அமுக்கினார்.

"நீ செத்த நேரம் பேசாம இரு," என்றது மிஷின்.

அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் பேசின முதல் பேச்சே தன்னைத் திட்டுவதுதானா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததே இல்லை.

பரிசத்துக்குத் தோட்டத்திலேயே பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கரண்டை நம்ப முடியாது என்பதால், என் கடை யு.பி.எஸ்.ஸில் சார்ஜ் போட்டு நானே மிஷினைக் கொண்டுபோனேன். வேளை வந்ததும் இரண்டு அப்பாக்களும் எழுந்து நின்றார்கள். மாமா தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அதனால் அக்கா பக்கத்தில் நின்று, துணித்திரையை ஒதுக்கி, மிஷினை அவர் கழுத்தில் சரியான இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மகள் பட்டுச்சேலையில் தலை குனிந்து எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணு உங்களுது, பாக்கு எங்களுது."

வண்டுச் சத்தம்தான். ஆனால் பந்தலின் கடைசி வரைக்கும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டுக் குழந்தைகள் வாயைப் பிளந்தார்கள், பெரியவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். புது வேட்டி கட்டிய தம்பி முதல் ஆளாகக் கண்ணைத் துடைத்தார். மாமா இரண்டாம் தரமும் சொன்னார், இன்னும் கொஞ்சம் நிதானமாக.

மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

பந்தலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பேட்டரி போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டவள் நான்தானே? கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனேன். மிஷினில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கழுத்தில் வைத்த இடமும் சரியாகத்தான் இருந்தது. அக்காவின் கட்டைவிரல்தான் பட்டன்மேல் இல்லை.

பட்டனுக்குப் பக்கத்தில், ஒரு நூல் இடைவெளியில் அந்த விரல் மடங்கி நின்றது. அவள் கண் மகள்மேல் இருந்தது.

"அக்கா, அமுக்குங்க," என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியுது தாயி," என்றாள். "செத்த நேரம் இருக்கட்டும்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமா தட்டை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார். அவரும் அவசரப்படவில்லை.